பெட்டிக்குள்ள மூளை வச்ச பெறவு

"…அதான் சார் நானும் கேக்கேன், நல்லா இருந்த பெட்டிக்கு மூளை வைக்கச் சொன்னது யாரு? முந்தி அது பாட்டுக்குக் கெடந்துச்சு. அருவியில தண்ணி ஏறுதான்னு பாக்கும், சென்னைக்குச் சொல்லும், அங்க உள்ள கம்ப்யூட்டர் யோசிச்சு 'ஊது'ன்னா சங்கு ஊதும். சாரல்ல சிக்னல் போச்சுன்னா சென்னைக்கு ஒண்ணும் கேக்காதாம். அதுக்காவ இந்த ரவுட்டர் பெட்டிக்குள்ளயே ஒரு மூளைய வச்சிட்டாவ. இப்ப யாரையும் கேக்காம அதுவே முடிவெடுக்கு. எடுத்துச்சே! நாலு நாளா எடுக்கே!"

கிறிஸ்டி இடுப்பில் ஆறு மாதப் பிள்ளையோடு மூச்சு விடாமல் பேசினாள். பழுது பார்க்க வந்த ரிஃபாத் பையில் ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தான். குற்றாலத்துக்கு மேலே, ஒரு தோப்புக்குள் விழும் தனியார் அருவி அது. அவள் கணவன் எபனேசர் அங்கே வாட்ச்மேன். மோட்டார் ரூமை ஒட்டிய ஒற்றை அறைதான் வீடு. வந்தவன் எழுதித் தரும் தாளில் வாட்ச்மேன் மேல் தப்பு என்றிருந்தால் சாயங்காலமே அறையைக் காலி பண்ணவேண்டும் என்று தோப்புக்காரர் குற்றாலிங்கம் அண்ணாச்சி காலையில்தான் சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"நேத்து பதினோரு மணிக்கு ஊதிச்சு பாருங்க… தலை நெறைய எண்ணெ, கண்ணு நெறைய சோப்பு, ஒரு பெரியவரு ஓடிப்போயி பலா மரத்தக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு 'வெள்ளம் போயிட்டா, வெள்ளம் போயிட்டா'ங்காரு! சுந்தரபாண்டியபுரத்து வேன் கூட்டம் மொத்தமும் பாறை மேல ஏறி நடுங்குது. அருவியப் பாத்தா… நூலு மாரி விழுது. நூலு சார்! ஒரு கொடம் நெறையப் பத்து நிமிசம் ஆவும்!

மூளைய வச்ச ஜஸ்டின் அண்ணன் என்ன சொன்னாவ? 'இது முரட்டுப் பெட்டி தங்கச்சி, மழை, தூசி, இடி எதுக்கும் அசையாது. உள்ள காத்தாடி கெடையாது, மேல வரி வரியா இருக்க இரும்பு வழியாத்தான் சூடு வெளிய போவும். ரொம்பச் சூடேறினா மூளை நின்னுரும், நின்னா எதுக்கும் இருக்கட்டும்னு சங்க ஊதிரும்'னாவ. முரடாம் முரடு! இதவிட எங்க இட்லிச் சட்டி முரடு.

இங்கன சாரல் பிடிச்சா ஒண்ணும் காயாது சார். தலைகாணி கூட நசநசன்னு இருக்கும். புள்ளைக்கு நெஞ்சுல சளி வேற. ராத்திரி கர்ரு கர்ருன்னு இழுக்கும், மூக்குகிட்ட வெரல வச்சுப் பாத்துகிட்டே கெடப்பேன். ஈரத்துணியே ஆவாதுன்னு ஆசுபத்திரியில… அத விடுங்க. கொரங்கு சார்! எல்லாம் கொரங்கு! குளிருக்கு அந்தப் பெட்டி மேல வந்து குத்தவச்சிக்கிடுது. கடுவன் ஒண்ணு இருக்கு, அது உக்காந்தா… சார், அங்கன எதுக்குப் போறீய? பின்னால வழுக்கும்! பாம்பு கெடக்கும்! சார்!"

அப்போதுதான் சங்கு ஊதியது. அருவியில் நின்ற அத்தனை பேரும் பாறையைப் பார்த்து ஓடினார்கள். கிறிஸ்டி பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஓடினாள்.

சாய்ப்புக் கூரைக்கு அடியில் பெட்டி. பெட்டியின் மேல் பிள்ளைத் துணிகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு. ஆவி பறந்துகொண்டிருந்தது. காற்றுக்கு விழாமல் இருக்க கிளிப்பும் போட்டிருந்தது. ரிஃபாத் ஒரு கிளிப்பைக் கழற்றி அவளைப் பார்த்தான்.

"கொரங்கு கிளிப்பு போடுமான்னு கேக்காதீய சார்… நாந்தான். மொதநா ஒண்ணு போட்டேன், அப்பளம் மாரி காஞ்சிச்சு. பெட்டியும் ஒண்ணும் சொல்லல. நாலு போட்டேன். ஆறு போட்டேன். சங்கு ஊதினதும் நானும் புள்ளையத் தூக்கிட்டுப் பாறையில ஏறினேன் சார், சத்தியமா பயந்துதான் ஏறினேன்! எறங்கி வந்து துணியத் திருப்பிப் போட்டேன். ஊதுறது துணியாலன்னு மூணாம் நாள்தான் புரிஞ்சிச்சு. புரிஞ்ச பெறவும்… போட்டேன். புள்ளைக்கு இழுப்பு நின்னுட்டு சார்."

அவன் தாளை எடுத்தான்.

"எழுதுங்க. ஆனா வாட்ச்மேன்னு எழுதாதீய, அவியளுக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டுலயே நிக்காவ. வாட்ச்மேன் பொஞ்சாதின்னும் எழுதாதீய, அதுலயும் வாட்ச்மேன் வருது. கிறிஸ்டின்னு மட்டும் எழுதுங்க. ஸ்கூல்ல சிஸ்டரும் எல்லாத்துக்கும் எம் பேரத்தான் எழுதுவாவ."

ரிஃபாத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் தோளில் போட்டான். கொஞ்ச நேரத்தில் சங்கு நின்றது. தாளில் ஒரே வரி எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

'காற்றோட்டம் இல்லாமல் சூடேறி நின்றது. சரிசெய்யப்பட்டது.'

கிறிஸ்டி தாளைத் திருப்பியும் பார்த்தாள். யார் பெயரும் இல்லை. தோளில் கிடந்த துணிகளில் இரண்டு இன்னும் ஈரம்.

"சார்… ஏ சார்! நில்லுங்க சார்! அப்ப நாளைக்கு இத எங்கன காயப்போட?"