தாடை மேலே, நெற்றி கீழே

— ஒரு மணி நேரம் நாப்பத்தேழு நிமிஷம்.

— என்னம்மா அது?

— நான் இந்தப் படிக்கட்டுக்குக் கீழ உக்காந்திருக்கற நேரம், வாட்ச்மேன் அண்ணே. மேல என் படம். கீழ என் வீல்சேர். நடுவுல இருபத்திரண்டு படி.

— எண்ணிட்டீங்களா.

— வேற என்ன வேலை? அந்த லிஃப்டை எப்பதான் சரி பண்ணுவாங்க?

— அதான் ஒட்டியிருக்கே, பழுதுன்னு. நமக்கென்ன தெரியும்? உங்க ஓவியக் குழுவுல மத்த வீல்சேர்காரங்க அஞ்சு பேரும் மேல போயிட்டாங்க. மஞ்சள் பனியன் போட்ட பசங்க நாலு பேர், பூ மாதிரி தூக்கிட்டுப் போனாங்க. நீங்க மட்டும்தான் முறைச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க.

— பூவைத் தூக்கிட்டுப் போனா, கூடவே ஒருத்தர் போட்டோ எடுத்துக்கிட்டே ஏறுவாரா?

— அது, விழான்னா எடுக்கத்தான் செய்வாங்க.

— ரெண்டு வருஷம் முன்னாடி வேற மண்டபத்துல என்னைத் தூக்கினாங்க. செருப்பு ஒண்ணு கழண்டு விழுந்துச்சு. புடவை முட்டி வரைக்கும் ஏறிடுச்சு. இழுத்து விடலாம்னா ரெண்டு கையும் ரெண்டு பேர் கழுத்துல. அந்தப் போட்டோவைத்தான் நன்கொடை நோட்டீஸ்ல போட்டாங்க. இன்னிக்கும் மருந்துக்கடையில தொங்கறேன், ஒத்தச் செருப்போட.

— அது நீங்களா? எங்க வீட்டுப் பக்கத்துக் கடையிலகூட...

— பாத்திருக்கீங்க.

— மூஞ்சியைச் சரியா பாக்கலம்மா.

— யாருமே பாக்கல. அதான் சொல்றேன்.

— சரி, டீ கொண்டு வரவா?

— வேண்டாம். ரெண்டு தரம் மேல போயிட்டு வந்தீங்களே, என் படம் எப்படி இருக்கு? நர்ஸ் படம்.

— அதுவா? அச்சு அசலா இருக்கு. அந்தம்மா நம்மளையே குனிஞ்சு பாக்கற மாதிரி. தலைக்கு மேல ஃபேன்.

— தலைக்கு மேலயா?

— ஃபேன் பின்ன எங்கம்மா இருக்கும்?

— அண்ணே, யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க தாடை எங்க இருக்கு?

— தாடை, தாடை இருக்கற எடத்துலதான்.

— நெத்திக்கு மேலயா, கீழயா?

— இது என்ன கேள்வி? மனுஷனாப் பொறந்தா தாடை கீழதான்.

— என் கையெழுத்து?

— உச்சியில, இடது மூலையில ஏதோ கிறுக்கல் இருக்கு. படிக்க வரல. கண்ணாடி மாத்தணும் எனக்கு.

— உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. படத்தைத் தலைகீழா மாட்டியிருக்காங்க.

— இல்லம்மா, மூஞ்சி நேரா...

— மூஞ்சி நேரா இருந்தா படம் தலைகீழ். ஏழு மாசம் நான் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன், அண்ணே. கழுத்தைத் திருப்ப முடியாது. தலைமாட்டுல நின்னுதான் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க. படுத்துக்கிட்டே பாத்தா மேலருந்து ஒரு மூஞ்சி தொங்கற மாதிரி வரும். தாடை மேல, நெத்தி கீழ. அதைத்தான் வரைஞ்சேன்.

— ஓ. அப்ப அதுல நீங்க?

— நான்தான் பாக்கற ஆள். வரையாமலே ஒருத்தி அதுல படுத்திருக்கா. திருப்பி மாட்டினா ஒரு நர்ஸ் சும்மா நிக்கறாங்க, அவ்வளவுதான். நான் அதுல இல்ல.

— காதுக்கும் தோளுக்கும் நடுவுல கறுப்பா ஏதோ இருந்துச்சே. நான் ஏதோ நகைன்னு நெனச்சேன்.

— போன். அவங்க தங்கச்சி வீட்டு மிக்ஸி ஓடலையாம், அதைப் பத்திப் பேசிக்கிட்டே ஊத்தினாங்க. சோப்புத் தண்ணி மொத்தமும் என் கண்ணுல.

— அட. சிறப்பு விருந்தினர் அதுக்கு முன்னாடி நின்னுதாம்மா பேசினார். இந்த முகத்துல இருக்கற கருணையைப் பாருங்கன்னு சொல்லிக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டார்.

— என் கண்ணைத் தொடைக்கத்தான் அன்னிக்கு ஆள் இல்ல.

— மெதுவா பேசுங்கம்மா. உங்க செயலாளர் மேடம் இறங்கி வர்றாங்க.

— கண்ணு, இன்னும் இங்கயேவா இருக்கே? மேல எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க.

— மேடம், என் படத்துக் கொக்கியைக் கழட்டி மறுபக்கம் அடிச்சது யாரு?

— நான்தான் அடிக்கச் சொன்னேன். மூஞ்சி தலைகீழா தொங்கினா பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்டா. நீ தெரியாம மாத்தி அடிச்சிருப்பேன்னு நெனச்சோம்.

— பின்னால அம்புக்குறி போட்டு, இது மேல் பக்கம்னு எழுதியிருந்தேன்.

— கை நடுக்கத்துல மாத்தி எழுதியிருப்பே. அதுக்கென்ன இப்போ?

— எனக்குக் கை நடுங்காது. நடுங்கறது எங்ககூட வரையற தபால்காரருக்கு. எனக்குத் தண்டுவடம். நாலு வருஷமா உங்க குழுவுல இருக்கேன், மேடம்.

— எல்லாம் ஒண்ணுதானே கண்ணு. எல்லாருமே நம்ம குழந்தைங்க.

— எனக்கு முப்பத்தி நாலு வயசு. தபால்காரருக்குப் பேரன் இருக்கான். செவ்வாய்க்கிழமை வரையறப்போ அவர் கை நடுங்கினா நான் பலகையைப் புடிச்சுக்கறேன். எனக்கு எட்டலேன்னா தையல்கார அக்கா தூரிகையில குச்சி வெச்சுக் கட்டித் தர்றாங்க. அங்க யாரும் யாருக்கும் குழந்தை இல்ல.

— கோவப்படாதே. பாசிட்டிவா இரு. உன் படத்துக்கு எவ்வளவு நல்ல பேரு தெரியுமா? தலைப்பை மட்டும் லேசா மாத்தினோம். ‘நன்றி’.

— நான் வெச்சது ‘தலைக்குத் தண்ணி’.

— அது ஒரு தலைப்பா கண்ணு?

— திருப்பி மாட்டுங்க, மேடம்.

— நான் எப்படித் திருப்பறது? அஞ்சு மணிக்கு விழா முடியுது. கையோட அந்தப் படம் சிறப்பு விருந்தினரோட ஆஸ்பத்திரிக்குப் போகுது. வாசல் சுவத்துல நிரந்தரமா பதிக்கப் போறார். அவ்வளவு பேசினவர்கிட்ட, ஐயா நீங்க பாத்தது தலைகீழ்னு நான் போய்ச் சொல்லவா? நீ மேல வா. மைக்கைத் தர்றேன். நீயே சொல்லு, நீயே திருப்பு. நான் தடுக்கவே மாட்டேன்.

— எப்படி வர்றது?

— பசங்க தயாரா நிக்கறாங்க. போட்டோகிராபரும் உனக்காகத்தான் கேமராவை உள்ள வைக்காம இருக்கார். சிரிச்ச முகமா வரணும், சரியா? கால்மணி நேரம்தான் இருக்கு. வாட்ச்மேன், பாத்துக்கோங்க.

— சரிங்க மேடம்.

— போயிட்டாங்களா?

— போயிட்டாங்கம்மா.

— அந்த ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க, அண்ணே?

— ஐநூறு, அறுநூறு இருக்கும்.

— படுத்துக் கிடந்து எழுந்தவங்க யாராவது ஒருத்தர் அதைப் பாத்துட்டு, ஆமா, இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லணும். அதுக்குத்தான் வரைஞ்சேன். இப்ப அது அவங்களைப் பாத்து நன்றி சொல்லுன்னு அதட்டும்.

— பன்னெண்டு நிமிஷம் இருக்கும்மா.

— கையை ஊனி ஒவ்வொரு படியா ஏறிடலாமான்னு கணக்குப் போட்டேன். மூணு படிக்குத்தான் தோள் தாங்கும். நீங்க ஏன் இப்படி வேர்த்து வழியறீங்க?

— வெயில்மா.

— நிழல்லதானே நிக்கறீங்க.

— இன்னும் ஆறு வருஷம் வேலை பாக்கணும் நான். ரெண்டு பொண்ணுங்க படிக்குது.

— அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன்.

— சரி, கூப்பிடுங்க அவங்களை.

— யாரை?

— மஞ்சள் பனியன்களை. தூக்கட்டும். எடுக்கட்டும் போட்டோ. இன்னும் ரெண்டு வருஷம் மருந்துக்கடையில தொங்கிட்டுப் போறேன். படமாவது நேரா தொங்கட்டும்.

— அம்மா...

— இந்தப் புடவை ஓரத்தைக் கொஞ்சம் சேர்த்துப் புடிங்க, அண்ணே. கணுக்கால்கிட்ட ரெண்டு ஊக்கு குத்திக்கறேன். இந்தத் தரம் ஏறக் கூடாது.

— ஊக்கைக் கீழ வைங்கம்மா.

— நேரமில்ல. கூப்பிடுங்க.

— கீழ வைங்க. லிஃப்ட் ஓடுது. காலையிலருந்தே ஓடுது. தூக்கற மாதிரி போட்டோ வேணும்னு, பழுதுன்னு எழுதி என் கையில குடுத்தாங்க உங்க மேடம். ஒட்டினது நான்தான். சிறப்பு விருந்தினர் உக்காந்திருக்காரே, அந்த சோபா அதுலதான் மேல போச்சு.