தண்ணீர் படாத கைகள்

காப்பி பரவாயில்லை, அட்டர்னி. மணிலாவில் ஏனோ பொடியைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறார்கள். எங்கள் லிபாவில் பராக்கோ காப்பி என்றால் நாக்கு ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். அந்தக் கசப்பு பழகிவிட்டால் வேறு எதுவும் தொண்டையில் இறங்காது. என் கணவர் செவெரோவுக்கு அப்படித்தான். எந்த ஊருக்கு ஆடப் போனாலும் என் பிளாஸ்க் கூடவே போகும்.

வாக்குமூலம் எழுதுவதற்கு முன் சும்மா பேசிக்கொண்டிருக்கலாம் என்றீர்கள். எனக்கும் அதுதான் சௌகரியம். தேசிய பில்லியர்ட்ஸ் அணித் தேர்வன்று செவெரோவின் சிறுநீரில் ஏதோ மருந்து தென்பட்டிருக்கிறது. நேற்று அவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியின் ஆஸ்துமா மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நானும் ஆமாம் என்றால் அவருக்குத் தடை. எந்தப் போட்டியிலும் கோலைத் தொட முடியாது. தடை முடியும்போது வயதும் முடிந்திருக்கும். சரிதானே?

ஒன்று மட்டும் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் என் விரல்கள் தந்தியடிக்கத் தொடங்கிவிடும். காதுத் தோட்டின் திருகாணியை மாட்ட முடியாது. மயிரிழை பார்த்துப் பந்தை அடிக்கிற மனுஷன், ஜெயிப்பதற்காக அதைச் சாப்பிட்டார் என்று உங்கள் விசாரணைக் குழு நம்புகிறது. ஓட்டப் பந்தயத்துக்குக் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு போனார் என்பது போல.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாதவனை ஆட்டக்காரன் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். செவெரோவுக்குப் பல்லி. வெள்ளைப் பந்து மேசை நடுவில் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் நீட்டுக் கோல் கேட்பார்கள். இவர் ஒரு காலைத் தரையில் விட்டுவிட்டு, உடம்பு முழுக்க மேசையோடு ஒட்டிக்கொள்வார். கோல் மட்டும் அசையும். என் லோமி நூடுல்ஸ் கடையும் பில்லியர்ட்ஸ் கூடமும் ஒரே சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, பந்து மோதும் சத்தத்தை வைத்தே ஆடுவது யார் என்று சொல்லிவிடுவேன். மற்றவர்கள் அடித்தால் பந்துகள் சண்டை போடும். இவர் அடித்தால் ரகசியம் பேசும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

நம் நாட்டு ஆட்கள் உலகத்திலேயே நன்றாக ஆடுகிறவர்கள் என்பீர்கள். இருக்கட்டும். தொலைக்காட்சியில் கோப்பையை முத்தமிடுகிறவனை மட்டும்தான் காட்டுவார்கள். முதல் சுற்றிலேயே தோற்றவர்கள் அன்று எங்கே படுத்தார்கள் என்று எந்தச் சேனலும் காட்டுவதில்லை. விமானச் சீட்டு, விசா, நுழைவுக் கட்டணம் எல்லாம் பணம் போடுகிறவர் தலையில். ஜெயித்தால் பாதி அவருக்கு. தோற்றால் அடுத்த ஜெயத்தில் கழித்துக்கொள்வார். அடுத்த ஜெயம் எப்போது என்று கன்னி மரியாளுக்குத்தான் தெரியும். செவெரோவுக்குப் பணம் போட்டவர் காதியோ, பன்றி வியாபாரி. நல்ல மனிதர். பன்றியையும் ஆட்டக்காரனையும் ஒரே மாதிரி முதுகில் தட்டிக்கொடுப்பார்.

கல்யாணமான மறு வருஷம் அமெரிக்கா போனார். ஒரு விடுதி அறையில் ஐந்து பேர், கட்டிலுக்கு முறை வைத்துத் தூக்கம். ஒரு போட்டியில் நாலு சுற்று ஜெயித்தார். நடத்தியவன் பரிசைத் தராமலே கடையைக் கட்டிவிட்டான். திரும்பி வந்தவருக்கு இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. வந்த அன்றே அடுத்த பயணத்தைப் பற்றிப் பேசினார்.

“எலும்பும் தோலுமா வந்திருக்க. இன்னும் அங்க என்னய்யா வச்சிருக்கு உனக்கு?” என்றேன்.

“மேசை இருக்கு, பெலி.”

“இங்க இல்லாத மேசையா?”

“அங்க ஆடுறப்ப என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. உனக்குச் சொன்னா புரியாது.”

புரிந்தது. அந்த ஆட்டங்களை இணையத்தில் ஒளிபரப்பினார்கள். லோமி கிண்டிக்கொண்டே கைபேசியில் பார்த்திருக்கிறேன். அவர் தோற்ற ஆட்டம்தான். ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியாத முகம். பசி இல்லாத, யாரையும் தேடாத, எதுவும் குறையாத ஒரு முகம். என் பக்கத்தில் படுத்திருக்கும்போது அது ஒருநாளும் வந்ததில்லை. கைபேசியில் குழம்பு தெறித்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

அதனால்தான் செய்தேன் என்று நினைக்காதீர்கள். நான் அவ்வளவு சின்ன மனுஷி இல்லை. அவருடைய உடம்பு, எங்கள் குடும்பம், இந்த ஆட்டத்தின் லட்சணம், எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

அடுத்த வருஷம் கத்தார் போட்டிக்குத் தகுதிச் சுற்று வந்தது. அன்று காலை எனக்கு மூச்சு இழுத்தது. மாத்திரை போட்டுக்கொண்டு கடையைத் திறந்தேன். கிண்ணத்தைத் தூக்கியபோது குழம்பு தளும்பி விரலில் கொட்டியது. என் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மாத்திரையை நுணுக்கி அவர் காப்பியில் போட்டு, சர்க்கரையைத் தாராளமாகக் கலக்கினேன். பராக்கோவில் என்ன கலந்தாலும் தெரியாது.

அன்று அவர், ஆட்டத்தை முடிக்கிற ஒன்பதாம் பந்தைக் குழியின் வாயிலேயே விட்டுவிட்டு வந்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு போடக்கூடிய பந்து.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்கள் படித்தவர், பஸ்மாவை நம்ப மாட்டீர்கள். எங்கள் கூடத்தில் கடவுளை நம்பாதவன் உண்டு, பஸ்மாவை நம்பாதவன் கிடையாது. ஆடிச் சூடேறிய கையில் தண்ணீர் பட்டால் நரம்பு கெட்டு நடுக்கம் பிடித்துக்கொள்ளும், அதுதான் பஸ்மா. அதனால் ஆட்டம் முடிந்து யாரும் கை கழுவ மாட்டார்கள். விரலிலே கோல் முனையில் தேய்க்கிற நீலச் சாக்கட்டித் தூளோடு என் கடையில் வந்து சாப்பிட உட்காருவார்கள். அன்றைக்கும் அங்கேதான் விசாரணை நடந்தது.

“உண்மையைச் சொல்லுடா பல்லி. கை கழுவினியா?” என்றார் காதியோ.

“சத்தியமா இல்லண்ணே.”

“மழைல நனைஞ்சியா?”

“லேசாத் தூறிச்சு. அவ்வளவுதான்.”

“தூறல்தாண்டா மோசம். காலைல மொத ஒண்ணுக்கு வரும் பாரு, அதைப் பிடிச்சு அதுல கையை ஊற வை. எங்கப்பனுக்கு அதுலதான் நடுக்கம் நின்னுச்சு.”

“உங்கப்பா பன்னிதானண்ணே வெட்டினாரு. கை ஆடினா பன்னிக்கா நஷ்டம்?” என்றான் கூடத்துப் பையன் ஒருவன்.

எல்லாரும் சிரித்தார்கள். செவெரோவும் சிரித்தார். மறுநாள் காலையில் காதியோ சொன்னபடியே செய்தார். நான் கொய்யா இலையை வேகவைத்து ஒத்தடம் கொடுத்தேன். தேங்காய் எண்ணெயில் உப்புப் போட்டு ஒவ்வொரு விரலாக நீவிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கையை என்னிடம் விட்டுவிடுவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இனிமையான நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

நான் அளவு தெரிந்தவள். ஊருக்குள் பந்தயம் ஆடும் நாட்களில் வெறும் காப்பிதான். வீடு நடக்க வேண்டுமே. உள்ளூரில் அவரை ஜெயிக்க ஆளே இல்லை. கடல் தாண்டப் போகிற ஆட்டம் என்றால் மட்டும் அந்தக் காப்பி. வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு. அதனால் ஊரே ஒரு முடிவுக்கு வந்தது. அவர் கூடத்துக்குள் நுழைந்தால் பையன்கள் குரல் கொடுப்பார்கள்.

“பல்லி வருது, தொடப்பத்தை எடுங்கப்பா. பெரிய மேசையைப் பார்த்தா வாலை அறுத்துப் போட்டுட்டு ஓடும்.”

அவர் சாக்கட்டியைக் கோல் முனையில் தேய்த்துக்கொண்டே இருப்பார், தேவைக்கு மேல். அதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி அவருக்குப் பிடித்த மீன் சமைப்பேன்.

எங்கள் மகள் யேசா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கையை நம்ப முடியல, பெலி. நீயே வச்சுக்க.”

அவள் தானாக நடக்கும்வரை அவர் அவளைத் தூக்கவே இல்லை. அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அதில் சிரமம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே தூக்கிக்கொண்டேன்.

இந்த வருஷத் தேர்வுதான் கடைசி என்று அவரே சொன்னார். தலை நரைத்துவிட்டது, அடுத்த தலைமுறை வந்துவிட்டது. கடைசிதானே, விட்டுவிடலாமா என்று நானும் யோசித்தேன். பிறகு, கடைசி வாய்ப்பில்தான் மனுஷர்கள் ஜெயித்துத் தொலைக்கிறார்கள் என்று தோன்றியது. மேசை ஆட்டக்காரரிடம் போய்ச் சிறுநீர் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

சற்று முன் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். மாத்திரை அரிசிப் பானைக்குள் ஒரு டப்பாவில் இருந்தது, அங்கிருந்து எடுத்தேன் என்று அவர் சொன்னதாக. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று இத்தனை வருஷமாக இருந்தேன்.

அப்போதுதான் தேர்வன்று நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. தோற்றுவிட்டு நேராக என்னிடம் வந்தார். பிளாஸ்கில் மிச்சமிருந்ததைக் குவளையில் ஊற்றி ஒரே மடக்கில் குடித்தார். குவளையைக் குழாயடிக்கு எடுத்துப் போய், பச்சைத் தண்ணீரில், மேசையிலிருந்து அப்போதுதான் எடுத்த அந்தக் கையாலேயே கழுவினார்.

“என்னய்யா இது, கைல தண்ணி.”

“இருக்கட்டும் பெலி. அடியில கொஞ்சம் ஒட்டியிருக்கு.”

கட்டை விரலால் அடியைத் தேய்த்துத் தேய்த்து, நிதானமாகக் கழுவினார். பஸ்மாவை நம்புகிறவர் செய்கிற காரியமா அது? எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்ததோ, யேசா பிறப்பதற்கு முன்பே தெரியுமோ. தெரிந்தே குடித்திருக்கிறார். இதை நீங்கள் சொல்லக் கேட்டபோது என் மனசு எவ்வளவு லேசாகிவிட்டது தெரியுமா. அவரும் போக விரும்பவில்லை என்றுதானே அர்த்தம். நான் தனியாகச் செய்ததாக நினைத்திருந்தேன். சேர்ந்துதான் செய்திருக்கிறோம்.

முகத்தை ஏன் அப்படி வைத்துக்கொள்கிறீர்கள்? மறைக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் நுணுக்கியது நான், கலந்தது நான், குடி குடி என்று நீட்டியது நான். அவர் தானாக ஒரு மாத்திரைகூட எடுத்ததில்லை.

இதை எழுதிக் கையெழுத்துப் போட்டால் அவர் பேரில் குற்றம் இல்லை என்று ஆகிவிடும் என்கிறீர்கள். மறுபடி ஒரு தேர்வு வைப்பார்கள், இந்த முறை நடுங்காத கையோடு ஆடிப் பார்க்கலாம் என்கிறீர்கள்.

அப்படியானால் பேனாவை மூடி வையுங்கள், அட்டர்னி. நேற்று அவர் சொன்னதே இருக்கட்டும், அதன் கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன். தானே எடுத்துக்கொண்டதாக அவர் தன் வாயால் சொல்லியிருக்கிறார், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த எந்த முடிவுக்கும் நான் குறுக்கே நின்றதில்லை.