அளவு குறைந்த எலும்பு

— அத மட்டும் கேக்காதீங்கம்மா. ஆப்பரேஷன் முடிஞ்சதும் மாதிரி எலும்ப அழிச்சிடணும், இங்க அதான் ரூல்.

— அழிச்சிட்டியா தம்பி?

— இல்ல.

— எட்டு மாசமாச்சே, ஏன் அழிக்கல?

— கை வரலம்மா.

— அப்போ குடு. செத்தவன் என் பிள்ளை, நான் கேக்காம வேற யார் கேப்பா?

— அது வெறும் பிளாஸ்டிக்மா. நொறுங்கின இடுப்பெலும்ப ஸ்கேன்ல பாத்து, கம்ப்யூட்டர்ல சேத்து, இந்த மெஷின்ல அச்செடுப்போம். டாக்டர் அதுமேல வச்சு ஸ்டீல் பிளேட்ட முன்கூட்டியே வளைச்சுக்குவாரு. தியேட்டர்ல நேரம் மிச்சம்.

— தெரியும். அன்னைக்கு டாக்டர் தூரத்துலேர்ந்து காட்டினாரு. அத நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். அவங்கப்பா வேணாம்னாரு. படுக்கையிலயே கெடந்தாலும் உயிரோட கெடக்கட்டும்னாரு. நான்தான் ஒத்தக் கால்ல நின்னேன்.

— இந்தாங்க. பாத்துட்டுக் குடுத்துடுங்க.

— என்ன இது, சின்னதா இருக்கு?

— சதை இல்லாம பாத்தா அப்படித்தாம்மா தெரியும்.

— யார்கிட்ட சொல்ற? மூணு வயசுலேர்ந்து அவனுக்குப் பேண்ட் தைச்சவ நான். தையல்காரி கைக்கு அளவு தெரியாதா? வேற யாரோடதையோ எடுத்துக் குடுத்து என்னை ஏமாத்தற.

— அவரோடதுதாம்மா.

— பொய் சொல்லாத.

— கொஞ்சம் உக்காருங்கம்மா.

— நின்னே கேக்கறேன், சொல்லு.

— மெஷின் தட்டுல முழுசா அடங்கல. ரெண்டு துண்டா எடுத்து ஒட்டியிருக்கணும். காலையில ஆப்பரேஷன், நேரமில்ல. நூத்துக்கு நாலு பங்கு சின்னதாக்கிட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன், வேற வேலை வந்துச்சு, மறந்துட்டேன். பிளேட் உள்ள உக்காரவே இல்லையாம். திரும்பத் திரும்ப எடுத்து வளைச்சிருக்காங்க. ரெண்டு மணி நேரம் கூடிடுச்சு. அதுக்குள்ள ரத்தமெல்லாம்...

— டாக்டருக்கு இது தெரியுமா?

— தெரியாது. எலும்பு அவ்வளவு மோசமா நொறுங்கிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டாரு. நானும் வாய மூடிக்கிட்டேன். வீட்டுக்குப் போனாலும் இந்த மெஷின் சத்தம் காதுல ஓடிக்கிட்டே இருக்கும்மா. இப்பல்லாம் ஒவ்வொண்ணையும் நாலு தடவ அளக்கறேன். உங்க பையன் என் முதுகுக்குப் பின்னாடி நின்னு, இன்னொரு தடவ அளந்து பாருங்கறாரு.

— அழாத. மூஞ்சியத் தொடை.

— நாலு அறை அறைஞ்சிடுங்கம்மா, வாங்கிக்கறேன்.

— எட்டு மாசமா அவங்கப்பா என் முகத்தப் பாக்கல தம்பி. கையெழுத்துப் போட்டு நான்தான் பிள்ளையக் கொன்னேனாம். கீழ பெஞ்சுல உக்காந்திருக்காரு. எழுந்து வா, இப்ப சொன்னத அப்படியே அவர்கிட்டச் சொல்லு.