உடைய வேண்டிய ஆணி

மழை தூறினால் குடையை விரிப்பது மனித இயல்பு. குதிரைக்கு அது தெரியாது. மகளோடு முதன்முதலாகப் போட்டி பார்க்கப் போன அன்று வேலியோரம் நின்று என் கறுப்புக் குடையைப் படாரென்று விரித்தேன். அரங்கில் அடியெண்ணி நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக் குதிரை வேலியைப் பாய்ந்து, நடுவரின் காருக்குப் பின்னால் போய் ஒளிந்தது. அதில் இருந்த பெண்ணைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிராயச்சித்தமாக அடுத்த வருடமே நான் தொண்டனாகச் சேர்ந்தேன். இந்த வரலாற்றில் என் பங்கு அப்படித்தான் தொடங்கியது.

வரலாற்றைக் கேட்டவர் ஜனார்த்தனன். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரைத் தொகுப்பவர். "எங்கட பிள்ளை ஒண்டு உந்தப் போட்டியில ஓடினது சும்மா விசயமே அண்ணை? நாலு பக்கம் எழுதித் தாங்கோ. சோகத்தை மட்டும் கொஞ்சமாப் போடுங்கோ, விளம்பரம் தந்த ஆக்களும் வாசிப்பினம்" என்றார். கொஞ்சமாகவே போடுகிறேன்.

பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு பண்ணையில் எழுபதுகளில் தொடங்கிய போட்டி இது. இன்று எங்கெங்கோ இருந்தெல்லாம் குதிரைகள் வருகின்றன. மூன்று நாள் நடக்கும். முதல் நாள் குதிரை பணிவாக நடந்து காட்டவேண்டும். இரண்டாம் நாள் காடு, மேடு, தண்ணீர் என்று பாய்ந்தோடி, கனமான தடைகளைத் தாண்டவேண்டும். மூன்றாம் நாள், தொட்டாலே விழுகிற கம்பங்களை விழுத்தாமல் தாண்டவேண்டும். தண்டப் புள்ளி குறைந்தவருக்குக் கிண்ணம். கலியாண வாழ்க்கையும் இதே ஒழுங்கில்தான் போகிறது என்று என் மனைவி ரதியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் பாதையில் கடைசிக்கு முந்திய தடை ஒரு பெரிய மரக்குத்தி, குறுக்கே கிடத்திய முழு அடிமரம். தொடக்கத்திலிருந்தே அங்கே கிடக்கிறது. தொண்ணூறுகளில் ஓர் இளம்பெண் அதில் இறந்தாள். குதிரையின் முன்னங்கால் குத்தியில் அடிபட, அது கரணம் அடித்து அவள் மேலேயே விழுந்தது. அவளுடைய தகப்பன் அவள் நினைவாக அந்த இடத்தில் ஆட்கள் உட்கார ஒரு வாங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் வழக்கமாக அதில் இருந்துதான் ரோல்ஸ் சாப்பிடுவேன். நல்ல நிழல்.

அதற்குப் பிறகுதான் ஆணி வந்தது. குத்தியின் ஒரு முனையைத் தாங்குவது அந்த ஆணிதான். உடைவதற்கென்றே செய்தது. பலமாக அடிபட்டால் ஆணி முறியும், குத்தி கீழே விழும், குதிரை கரணம் அடிக்காது. ஆணியை முறித்தவருக்குப் பதினொரு தண்டப் புள்ளி. முறிந்த ஆணியை மாற்றிப்போடுவது என் வேலை.

என் மகள் மயூரி பண்ணைக்காரரின் பிஸ்கற் என்ற குதிரையில் ஓடினாள். முதல் தடவையே எல்லோருக்கும் முன்னால் நின்றாள். அந்தக் குத்தியில் பிஸ்கற்றின் கால் அடிபட்டது. ஆணி முறிந்தது. பிஸ்கற் தடுமாறி, நிமிர்ந்து, ஓடிப்போனது. மயூரி ஒன்பதாவதாக வந்தாள். வீடு வந்து சேரும்வரை காரில் அழுதாள். நான் இளகிய மனதுக்காரன். பிள்ளை அழுதால் எனக்குச் சோறு இறங்காது. அந்த ஆணி அவளைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. கிண்ணத்தைப் பறித்தது என்றே தோன்றியது.

ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கடைசல் வேலை. அடுத்த போட்டிக்கு முன்னர் அதே அளவில் உருக்கில் ஓர் ஆணி கடைந்தேன். அதே சிவப்பு வர்ணமும் பூசினேன். அசலை விட வடிவாக இருந்தது, நானே சொல்லக்கூடாது. இரண்டாம் நாள் காலை அதை மாட்டிவிட்டேன். மயூரிக்கு முன் போனவர்கள் எல்லோரும் அதன் மேலால்தான் போனார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களைப் பற்றி நான் யோசித்ததாக நினைவில்லை.

பிறகு மயூரி வந்தாள். பிஸ்கற்றின் கால் அடிபட்டது. ஆணி முறியவில்லை. நான் செய்தது முறியாது.

எல்லோரும் அவளிடம் ஓடினார்கள். குத்தி கொஞ்சம் விலகியிருந்தது. அதைப் பார்ப்பது என் பொறுப்பு. நெம்புகோலால் கிளப்பி, உருக்கு ஆணியைக் கழற்றி, நல்ல ஆணி ஒன்றை மாட்டினேன். பிறகு நானும் ஓடினேன். அதிக நேரம் ஆகியிருக்காது.

பிஸ்கற்றுக்கு அங்கேயே கடைசி ஊசி போட்டார்கள். மயூரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. விசாரணைக் குழு ஆணியைச் சோதித்தது. ஆணியில் பிழையில்லை, முறியுமளவுக்கு அடி விழவில்லை, ஓடிய பிள்ளைதான் வேகத்தைத் தவறாகக் கணித்துவிட்டாள் என்று முடிவு சொன்னது. அவள் மறுத்துப் பேசவில்லை. பெரியவர்கள் சொன்ன முடிவை நான் ஏன் மறுக்கவேண்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

இரண்டு வருடமாக அவள் தன் சக்கர நாற்காலியை என்னைத் தள்ள விடுவதில்லை. காரணம் தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரதியிடம் கேட்டேன். "ஏலாத பிள்ளையைப் போட்டு ஆக்கினைப்படுத்தாதேங்கோ" என்றாள். மருத்துவமனையில் ஆறுதல் சொல்ல வருகிற அன்ரனெற்றிடம் கேட்டேன். "அவவுக்குத் தன்னிலதான் கோவம் அங்கிள். கொஞ்சம் ரைம் குடுங்கோ" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தன் பிழையால் ஒரு குதிரை செத்துப்போனது என்று பிள்ளை மனம் நோகிறது. நான் ஒருநாள் அவள் தலையைத் தடவி, "அப்பா உன்னை மன்னிச்சிட்டன்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மலருக்குப் படம் கேட்டு அவளுடைய அறைக்குப் போனேன். பிஸ்கற்றோடு நிற்கிற படம்.

"ஏலாது" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

"சரி, படம் வேண்டாம். என்னை ஏன் கிட்ட அண்ட விடுறாயில்லை பிள்ளை? அதையாவது நேராச் சொல்லு."

வழமையாக, "நத்திங் அப்பா" என்பாள். அன்று நாற்காலியைத் தானே திருப்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள்.

"நான் அண்டைக்கு மயங்கேல்ல அப்பா. கண் திறந்துதான் கிடந்தனான். எல்லாரும் என்னட்ட ஓடி வந்தவை. நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு கிடந்தனான். நீங்கள் முதல்ல குத்தியடிக்குத்தான் போனனீங்கள்."