பின்சீட்டுப் பரீட்சை

— வண்டிய மெதுவா ஓட்டு வினோதினி. ஒரு கையில மாவுக்கட்டு, ஒரு கையில உன் நோட்டு. புடிச்சிக்க எனக்கு கையில்ல. ம், முதல்லேர்ந்து சொல்லு.

— குய்தோ, நான் பாத்துக்கறேன். குய்தாஸ், நீ பாத்துக்கற. குய்தா, அவரு பாத்துக்கறாரு. குய்தாமோஸ், நாங்க பாத்துக்கறோம்.

— இரு. ‘நாங்க’ தப்பு.

— குய்தாமோஸ்தாங்க.

— நோட்டுல குய்தேமோஸ்னு இருக்கு.

— ‘தா’ இல்லாம ‘தே’வா? நல்லா பாருங்க.

— எத்தினி வாட்டி பாக்கறது? உன் கையெழுத்துதான். நான் வேன் ஓட்டறவன், எனக்கு ஸ்பானிஷா தெரியும்? இருக்கறத படிக்கறேன்.

— குடுங்க, நானே பாக்கறேன்.

— வண்டி ஓட்டிக்கிட்டா? பஸ்ஸு வருது, ஓரமா போ.

— நைட் டியூட்டில தூக்கத்துல எழுதினது, என்னத்த எழுதினேனோ. நேத்து ‘அவங்க’ தப்புன்னீங்க. முந்தாநாளு ‘நீ’ தப்புன்னீங்க. ஒரே ஒரு வினைச்சொல்லுங்க, ஆறே ஆறு முடிவு. எரிச்சலா வருது.

— பதட்டப்படாத. பத்து மணிக்குத்தான இன்டர்வியூ.

— அதான் பயம். ஸ்பானிஷ் டீச்சர் மார்த்தாம்மா லேப்டாப்ல, ஸ்பெயின்லேர்ந்து அந்த முதியோர் இல்லத்துக்காரங்க மூஞ்சிக்கு நேரா கேப்பாங்க, வயசானவங்கள எப்படி பாத்துக்குவன்னு. அந்த வார்த்தையே வரலன்னா நான் என்ன நர்சு?

— மார்த்தாம்மா கிளாஸ்ல தப்பு வருதுன்னு சொல்லலியா?

— அவங்களுக்குதான் காய்ச்சலு, இன்னிக்குதான் எழுந்தாங்க. நாலு நாளா நோட்டு உங்ககிட்டதான், நீங்க கேக்கறதுதான எனக்கு கிளாஸு.

— சரி. ‘நீங்கல்லாம்’?

— குய்தாய்ஸ்.

— தப்பு. ‘அவங்க’?

— குய்தான்.

— ம்ஹூம்.

— போதும், மூடி வைங்க.

— கோவப்படாத. நமக்கு இது ஆவாதோ என்னவோ. இந்த ஊருல ஆஸ்பத்திரியா இல்ல?

— எட்டு வருஷமா இங்கதான இருக்கேன். எனக்கப்புறம் சேந்தவ ஹெட் நர்சு ஆயிட்டா. மொத மொதல்ல ஒருத்தங்க என்னத்தான் வேணும்னு கேக்கறாங்க. எங்கப்பா எதிர நீங்கதான சொன்னீங்க, ரெண்டு வருஷம் போய்ட்டு வா, பூஜாவ நான் பாத்துக்கறேன்னு?

— சொன்னேன். இல்லங்கல.

— பின்ன?

— ஒண்ணுமில்ல. காலைல பாப்பா உன் நைட்டிய கட்டிப் புடிச்சிக்கிட்டு தூங்கிக்கினு இருந்தா.

— அத ஏன் இப்ப சொல்றீங்க?

— சும்மா சொன்னேன். ஏன் நிறுத்தற? இன்னும் செங்கம் ரோடே வரலியே.

— வேணாங்க. ஆறு வார்த்த மண்டையில ஏறல, எந்த தைரியத்துல போய் அவங்க எதிர உக்காருவேன்? மார்த்தாம்மாவுக்கு போன் போட்டு சொல்லிடுங்க, வினோதினி வரலன்னு.

— அழாத. ரோட்ல பாக்கறாங்க.

— பாக்கட்டும். நீங்க கை வலியோட உக்காந்து உக்காந்து கேட்டீங்க. எனக்குத்தான் புத்தி இல்ல. அந்த நோட்ட தூக்கி போடுங்க. ஏறுங்க, வண்டிய திருப்பறேன், வீட்டுக்கு போலாம்.

— திருப்பாத.

— இன்னும் என்னங்க?

— நீ சொன்னதுதான் நோட்டுலயும் இருக்கு வினோதினி. நாலு நாளா ஒண்ணு கூட தப்பு இல்ல.