கிடை மேய்ந்த தக்கைப்பூண்டுக் கொல்லை

எனது பெயர் உம்மு ஹபீபா, வயது 43, கணவர் பெயர் காஜா நவாஸ், இருப்பு திருப்புல்லாணிக்குக் கிழக்கே பள்ளிவாசல் தெரு. கணவர் குவைத்தில் ஓட்டுநராக இருப்பதால் கொல்லையை நான்தான் பார்த்து வருகிறேன். கத்தரியையே மாற்றாமல் போட்டு வந்ததில் மண் செத்து, காய்க்கிற பருவத்தில் செடிகள் வாடிச் சாய்ந்தன. ஒரு பருவம் கத்தரியை விட்டு, மண்ணுக்குத் தழையுரமாகும் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதால் அரசு ஊக்கத்தொகை உண்டு என்று வேளாண் அலுவலர் சொன்னார். மகள் ஹுமைராவின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் என்று அதை நம்பி விதைத்தேன்.

அதன்பின் பயிர் இடுப்பளவு வந்ததும், அலுவலர் படமெடுக்க வருவதாகச் சொன்னார். அவருடைய ஜீப் உள்ளே வரட்டும் என்று முந்தின நாளே வேலி முள்ளை விலக்கி வைத்தேன். எங்கள் பக்கம் காய் ஓய்ந்த கொல்லையில் முள்ளை விலக்கினால் புழுக்கை உரத்துக்காக இரவில் கூலிக்கு ஆடு அடைக்கும் கிடைக்கு அழைப்பு என்று அர்த்தம். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை.

மறுநாள் காலை, ஆட்டு மந்தை ஓட்டும் கீதாரி மாரீஸ்வரன் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்து, "யக்கா, ஒங்க கொல்லையில கெடை போட்டாச்சு. ஆடு வயிறார மேஞ்சிருச்சு. கூலிய நெல்லாவே குடுங்க" என்றார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சாண் உயரக் குச்சிகள்தான் நின்றன. "பாவி, எம்புள்ள படிப்பத் தின்னுட்டியே" என்று கத்தினேன். "முள்ளு தொறந்து கெடந்துச்சேக்கா. கூப்புடாத கொல்லைக்கு நான் என்னைக்கு வந்தேன்?" என்றார்.

அதன்பின் வந்த அலுவலர், பயிர் நிற்காமல் தொகைக்கு எழுத முடியாது, ஆடு விட்டு அழித்ததாக வழக்குப் பதிவானால் மேலே கேட்டு வாங்கலாம் என்றார். அதனால்தான் இந்தக் காவல் நிலையத்தில் மாரீஸ்வரன் மீது புகார் கொடுத்தேன்.

இடையில் நல்ல மழை பெய்தது. அதன்பின் சேதம் பார்க்கத் தலைமைக் காவலரும் அலுவலரும் மாரீஸ்வரனும் நானும் கொல்லைக்குப் போனோம். காட்டுவதற்காக ஒரு குச்சியைப் பிடுங்கினேன். எப்போதும் உதிர்ந்து கொட்டுகிற மண், அன்று வேரோடு கட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தது. வேர் முழுக்கக் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பு; மண்ணுக்குச் சத்துப் பிடித்துத் தரும் முடிச்சு அப்படித்தான் இருக்கும் என்றார் அலுவலர். புழுக்கை கரைந்த ஈரத்தில் மண்புழு நெளிந்தது. இந்தக் கொல்லையில் மண்புழுவைக் கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்ததோடு சரி. ஆடு கடித்த குச்சிகளில் கணுவுக்குக் கணு துளிர் விட்டிருந்தது. "சுப்ஹானல்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மிதிக்க மனம் வராமல் செருப்பைக் கழற்றினேன். தலைமைக் காவலரும் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குத்தவைத்துப் பார்த்தார். "ஆடு மேலதானக்கா தின்னுச்சு" என்றார் மாரீஸ்வரன்.

அதன்பின் அலுவலர் என்னைத் தனியே அழைத்து, வழக்கு நின்றால்தான் தொகை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். மகளின் கட்டணத்தை நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் அந்த மண்ணைப் பார்த்த கண்ணோடு, அழிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கட்டணத்துக்கு என் வளையல் இருக்கிறது.

மாரீஸ்வரன் நான் திறந்து வைத்த வழியாகத்தான் வந்தார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய கிடைக்கூலி நெல்லை இன்று காலை அளந்து கொடுத்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளது நான் சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) உம்மு ஹபீபா