ஏழாம் நம்பர் கேட்டில் நீட்டிய கை

என் பெயர் நகசே ஷூய்ச்சி. வயது 31. நீகாத்தா மாகாணம் மினாசே ஊரில், ரயில்வே குடியிருப்பு 304-ல் தனியாக வசிக்கிறேன். மனைவி கானே செப்டம்பர் 26 அன்று இறந்துவிட்டார். தனியார் ரயில் பாதையில் ஒன்பது வருடமாக கேட் சிக்னல் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன்.

நவம்பர் 14 காலை பத்து மணிக்கு ஏழாம் நம்பர் கேட்டைச் சோதிக்கப் போனேன். சோதனையின்போது கேட் இறங்காமல் இருக்க கேட்டை இயக்கும் மின் சுவிட்சான ரிலே இருக்கும் பெட்டிக்குள் தற்காலிகமாக ஒரு ஜம்பர் ஒயர் மாட்டுவோம். முடிந்ததும் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தை விரல் நீட்டிக் காட்டி, உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும். அன்றும் காட்டினேன், சொன்னேன். தலைக்கவசத்தில் உள்ள ஒலிப்பதிவுக் கருவியில் "ஒயர் எடுத்தாச்சு, சரி!" என்று என் குரல் பதிவாகியிருக்கிறது. ஒயர் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அதன் பிறகு பெட்டியைப் பூட்டிவிட்டு வேனில் உட்கார்ந்து சோற்று உருண்டை சாப்பிட்டேன். பழக்கத்தில் இரண்டு வாங்கியிருந்தேன். 10.52 ரயில் வந்தபோது கேட் இறங்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. டோஃபு என்னும் சோயா கட்டி விற்கும் வேனை ஓட்டி வந்த ஹியுரா தொமியே என்ற அம்மா, வயது 58, கேட்டைத் தாண்டும்போது வேனின் பின்பக்கம் ரயில் இடித்தது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது.

அதன் பிறகு மேற்பார்வையாளர் ஒகதா என்னை மூளை மருத்துவரிடம் கூட்டிப் போனார். கை நீளும் முன்பே மூளை அதைத் தொடங்கிவிடும், நமக்குத் தகவல் பிறகுதான் வரும், உங்களுக்கு அந்தத் தகவலே வரவில்லை என்று மருத்துவர் சொல்லி, "தன்னறிவின்றி நடந்த செயல்" என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் ஒகதா, "ஏன்யா முழிக்கிற? கை நீண்டுச்சு, வாய் கத்துச்சு, நீ அங்க இல்ல. அதையே போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லு, கேஸ் நிக்காது" என்றார். சரி என்றேன்.

அந்த எண்ணம் எனக்குப் புதிதல்ல. கரன்ட் போனால் ரிலே விழும், அதற்கென்று ஆசை கிடையாது, மனிதனும் அப்படித்தான் என்று கானேயிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். "அப்ப கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டு வாசல்ல பல்ல காட்டிட்டு நின்னது எந்த ரிலே? அதுக்குத் தனி ஒயரிங்கா?" என்று கேட்பார்.

மூளையில் ரத்தம் கசிந்து கானே ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோராம் நாள், "நான்தான். தெரிஞ்சா ரெண்டு தடவ அழுத்து" என்றேன். இரண்டு முறை என் கையை அழுத்தினார். அங்கிருந்த டாக்டர் அது வெறும் அனிச்சை என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டு, கையை உருவிக்கொண்டு டீ குடிக்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது இறந்திருந்தார்.

நவம்பர் 17 அன்று மன்னிப்புக் கேட்க இனிப்புப் பெட்டியோடு ஹியுரா அம்மாவைப் பார்க்கப் போனேன். "பெட்டிய வெச்சிட்டு உக்காருப்பா, அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது" என்றார். மருத்துவர் எழுதியதைச் சொன்னேன். "நல்லா இருக்கே! இருவது வருஷமா என் கையும் தானாத்தான் கியர் போடுது. அதுக்காக வண்டிய ஓட்டுனது பக்கத்து வீட்டுக்காரியா?" என்றார். அதன் பிறகு பெட்டியைப் பிரித்து எனக்கும் ஒன்று கொடுத்தார்.

ஆகவே இந்த வாக்குமூலத்தில் முதலில் எழுதியிருந்த "தன்னறிவின்றி" என்ற சொல்லை அடிக்கச் சொன்னேன். எழுதிய போலீஸ் அதிகாரி குசகாபே, "அடிச்சா தண்டனை வரலாம், தெரியுமில்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன். தலைக்குள் எது முதலில் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. எது தொடங்கியிருந்தாலும் அது என் தலை. கை நீட்டியது நான் இல்லையென்றால், என் கையை அழுத்தியதும் கானே இல்லை என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட தாளில் நான் கையெழுத்திட மாட்டேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. கையெழுத்தோடு வைக்க வேண்டிய என் பெயர் முத்திரையைக் கொண்டுவராததால், சொல்லை அடித்த இடத்தில் ஒன்றும் பெயருக்குக் கீழே ஒன்றுமாகக் கட்டைவிரல் ரேகை வைத்தேன். இரண்டு முறையும் நானே அழுத்தினேன்.

நகசே ஷூய்ச்சி